சரியான நேரத்தில் வந்த இயந்திரம்

சென்ற வருடம் மாசி மாதத்தில் ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு என் ஒன்றுவிட்ட அக்காவின் மகன் போன் எடுத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து மாணவர் விசாவில் வந்து, இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு நகரத்தில் முதுகலை படிக்கிறவன். அவனுடைய கட்டணத்துக்காக அக்கா வீட்டுக்காணியை ஈடு வைத்திருந்தார். அவன் சமர்ப்பித்த ஒப்படை ஒன்று செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதப்பட்டிருக்கலாம் என்று மென்பொருள் ஒன்று சொல்லியிருந்தது. விசாரணைக் குழுவின் முன் வந்து விளக்கமளிக்கும்படி பல்கலைக்கழகம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தது.

"மாமா, நான் எழுதினதை நான்தான் எழுதினன் எண்டு எப்பிடி நிரூபிக்கிறது?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அதைவிடச் சங்கடம், அந்த மாதம் நான் செய்துகொண்டிருந்த வேலை. வேறொரு பல்கலைக்கழகம், மாணவர்களின் கட்டுரைகளுக்கு முதற்கட்டப் புள்ளியிடும் மென்பொருளைத் தெரிவுசெய்வதற்கு ஆலோசகர்களை அமர்த்தியிருந்தது. அவர்களில் நானும் ஒருவன். எழுதியது இயந்திரமா என்று ஒரு பல்கலைக்கழகம் பொடியனை விசாரிக்கிறது. வாசிப்பதற்கு எந்த இயந்திரம் நல்லது என்று இன்னொரு பல்கலைக்கழகம் என்னிடம் கேட்கிறது.

அந்த வாரம்தான் ஜோசப் வைசன்பாமின் 'கணினியின் ஆற்றலும் மனிதப் பகுத்தறிவும்' என்ற நூலை அலுமாரியிலிருந்து மீண்டும் எடுத்தேன். 1976இல் வந்த நூல். 2004இல் நான் இங்கே முதுகலை படித்தபோது பழைய புத்தகக் கடையில் வாங்கி, இரண்டு அத்தியாயம் வாசித்துவிட்டு, கிழவர் புலம்புகிறார் என்று மூடிவைத்தது. இம்முறை முழுதாக வாசித்தேன். இன்றைய பல்கலைக்கழகத்தைப் பற்றி இவ்வளவு சரியாகப் பேசும் நூல், சாட்ஜிபிடி வந்தபிறகு எழுதப்பட்டவற்றில் எனக்குக் கிடைக்கவில்லை. அதே நூல் ஓரிடத்தில் எங்களைப் போன்றவர்களைக் காணாமலே போய்விடுகிறது என்பதையும் சொல்லவேண்டும்.

வைசன்பாம் பெர்லினில் பிறந்த யூதர். 1936இல், பதின்மூன்று வயதில், குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் தப்பி வந்தவர். எம்.ஐ.டி.யில் பணியாற்றியபோது 'எலைசா' என்ற நிரலை எழுதி, 1966இல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். நாம் தட்டச்சிடும் வாக்கியத்திலிருந்து ஒரு சொல்லைப் பிடித்து, அதைக் கேள்வியாகத் திருப்பித் தரும் சின்ன வித்தை அது. 'அம்மா' என்று எழுதினால் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லச் சொல்லும். உளவள ஆலோசகரின் பாணியைப் போலச்செய்யும் ஒரு கேலி, அவ்வளவுதான். ஆனால் அந்த நிரல் உருவானதை அருகிலிருந்தே பார்த்த அவருடைய செயலாளர், அதோடு கொஞ்சநேரம் உரையாடியபின், தனிமையில் பேசவேண்டும், அறையைவிட்டு வெளியே போங்கள் என்று அவரையே கேட்டுக்கொண்டார். இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். மனிதர்கள் இயந்திரத்திடம் ஏமாறுகிறார்கள் என்பதற்கு உதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

நூலில் கனமான இடம் அதற்கு அடுத்தது. கென்னத் கோல்பி என்ற உளமருத்துவரும் அவரது சகாக்களும், இப்படியான நிரலைக் கொண்டு மணிக்குப் பல நூறு நோயாளிகளைக் கவனிக்கலாம் என்று மருத்துவ ஆய்விதழில் எழுதினார்கள். வைசன்பாம் அதிர்ந்துபோனார். இயந்திரத்தைப் பற்றி அவர் அங்கே கேட்கவில்லை, மருத்துவரைப் பற்றிக் கேட்டார். ஒரு கேலிக்கூத்து தன் வேலையின் சாரத்தைப் பிடித்துவிட்டது என்று ஒரு மருத்துவர் நம்புவாரானால், நோயாளியின் முன் அமர்ந்திருக்கும்போது தான் என்ன செய்வதாக அவர் நினைத்துக்கொண்டிருந்திருப்பார்?

மருத்துவர் இருந்த இடத்தில் விரிவுரையாளரை வைத்துப் பாருங்கள். நான் இருந்த திட்டக் கூட்டங்களில், கட்டுரைக்குப் புள்ளியிடுவது இயந்திரத்தால் முடியாத வேலை என்று ஒருவரும் வாதிடவில்லை. அவர்கள் அறிவற்றவர்கள் அல்லர். அங்கே அந்த வேலை ஏற்கெனவே எப்படி நடக்கிறது என்று நன்றாகத் தெரிந்தவர்கள். மணிக்கூலிக்கு அமர்த்தப்பட்ட உதவி விரிவுரையாளர்; ஒரு கட்டுரைக்கு இருபது நிமிடம்; முன்கூட்டியே தயாரித்த அளவுகோல் அட்டவணை; முன்பே எழுதிவைத்த பின்னூட்ட வாக்கியங்களில் மூன்றைத் தெரிந்து ஒட்டுவது. வாசிப்பவரை முதலில் நிரலாக்கிவிட்டோம். நிரல் அவருடைய கதிரையில் வந்து அமர்வதில் என்ன ஆச்சரியம்?

2023 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, ஊதியத்துக்காகவும் பணி நிலைமைகளுக்காகவும், பிரித்தானியாவின் 145 பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளர்கள் புள்ளியிடும் பணியைப் புறக்கணித்தார்கள். சில பல்கலைக்கழகங்கள், ஒப்படைகள் எல்லாவற்றுக்கும் புள்ளியிடப்படாத நிலையிலேயே பட்டங்களை வழங்கின. சாட்ஜிபிடி வெளியாகி அப்போது ஐந்தாறு மாதந்தான். இயந்திரம் எழுதுகிறதே என்று பத்திரிகைகள் பதறிய அதே கோடையில், வாசிக்காமலே பட்டம் கொடுக்கலாம் என்பது சத்தமில்லாமல் நிரூபணமாகிவிட்டது.

வைசன்பாமின் இன்னொரு வாதம்தான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பாகியிருக்கிறது. கணினி சரியான நேரத்தில் வந்து நம்மைக் காப்பாற்றியது என்று அவர் காலத்தில் எல்லோரும் சொன்னார்கள். ஆம், சரியான நேரத்தில்தான் வந்தது, ஆனால் எதைக் காப்பாற்ற என்று அவர் திருப்பிக் கேட்கிறார். சுமை தாங்காமல் சரிந்திருக்கவேண்டிய அல்லது அடியோடு மாற்றப்பட்டிருக்கவேண்டிய அமைப்புகளை அப்படியே நிலைநிறுத்த வந்தது என்பது அவர் பதில். நலன்புரிக் கொடுப்பனவுகளை உதாரணம் காட்டுகிறார். கணினி இல்லாதிருந்தால் அந்தச் சிக்கலான நிர்வாகம் முறிந்திருக்கும். குறைந்த வருமானமுள்ளவர்களுக்கு வரித்துறை வழியாகவே பணம் கொடுப்பது போன்ற வேறு வழியை யாராவது யோசித்திருப்பார்கள். கணினி வந்தது, யோசிக்கவேண்டிய தேவை போய்விட்டது. 'புரட்சி' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டே சம்பாதித்த எனக்கு இந்தப் பக்கங்களை வாசிப்பது சுகமாக இருக்கவில்லை. இருபது வருடத்தில் நான் நிறுவிக்கொடுத்த மென்பொருள்களை எண்ணிப்பார்த்தேன். பெரும்பாலானவை ஒரு மோசமான நடைமுறையை வேகமாக்கியவை.

பல்கலைக்கழகங்களிலும் இதுவே நடக்கிறது. ஹெப்பி என்ற உயர்கல்விக் கொள்கை நிறுவனம் 2025இல் வெளியிட்ட கணிப்பில், பிரித்தானிய இளங்கலை மாணவர்களில் 88 வீதமானோர் தங்கள் மதிப்பீட்டுப் பணிகளுக்குச் செயற்கை நுண்ணறிவை ஏதோவொரு வகையில் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். முந்தைய வருடம் அது 53 வீதம். ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 33 கற்பனை மாணவர்களின் பெயரில் இயந்திரம் எழுதிய பரீட்சை விடைகளைத் தம் உளவியல் துறைக்குள்ளேயே அனுப்பிப் பார்த்தார்கள். 94 வீதம் பிடிபடவில்லை. சராசரியாக உண்மையான மாணவர்களைவிட அவற்றுக்கு அதிகப் புள்ளியும் கிடைத்தது. 2024இல் வெளியான முடிவு இது. இதற்குப் பிறகும் கட்டுரையை வாங்கிப் புள்ளியிட்டுப் பட்டம் கொடுக்கும் முறை அசையவில்லை. எழுத ஒரு மென்பொருள், கண்டுபிடிக்க ஒரு மென்பொருள், புள்ளியிட ஒரு மென்பொருள் என்று அதைச் சுற்றி முட்டுக்கொடுத்தாயிற்று. அழிந்துபோகும் என்று அஞ்சப்பட்ட முறை, இயந்திரத்தின் தயவில் இன்னும் பத்து வருடம் ஓடும்.

முட்டுகளில் ஒன்று எங்கள் பொடியன்மேல் விழுந்தது. கண்டறியும் மென்பொருள்கள் செய்வது எளிய வேலை. அடுத்த சொல் எவ்வளவு ஊகிக்கக்கூடியது என்று பார்க்கின்றன. எதிர்பாராத சொற்கள் நிறைய வந்தால் மனிதர். எல்லாம் எதிர்பார்த்தபடி வந்தால் இயந்திரம். இதில் ஒரு கோளாறு உண்டு. ஒரு மொழியை வீட்டிலும் தெருவிலும் பழகாமல் இலக்கணப் புத்தகத்திலும் ரியூசனிலும் படித்தவர்கள் ஊகிக்கக்கூடியபடிதான் எழுதுவார்கள். பத்திக்குப் பத்தி 'ஃபர்தர்மோர்', 'இன் கன்குளூஷன்' என்று போடப் பழக்கப்பட்டவர்கள் நாங்கள். 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் பரீட்சைக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறியும் கருவிகளுக்குக் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று விடை வந்தது. அதே வருடம் ஜூலையில் ஓப்பன்ஏஐ தான் வெளியிட்ட கருவியையே துல்லியம் போதாது என்று விலக்கிக்கொண்டது. ஆகஸ்டில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் தன்னிடமிருந்ததை அணைத்துவைத்தது. மற்றப் பல இடங்களில் அவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வைசன்பாம் தன் நிரலுக்கு 'எலைசா' என்று பெயர் வைத்தது பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தின் பூக்காரியை நினைத்து. அவளுக்குச் சீமாட்டிகளின் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கப்படுகிறது. கற்றுத் தேறியபின் பழைய தெருவுக்கும் போகமுடியாமல், புதிய இடத்திலும் பொருந்தாமல் நிற்கிறாள். நிரலையும் படிப்படியாக நன்றாகப் பேசப் பழக்கலாம் என்பதுதான் அவர் கண்ட ஒற்றுமை. எனக்குப் பூக்காரியின் கதைதான் உறைத்தது. ஆங்கிலம் பிழையாக எழுதினால் புள்ளி குறையும். மிகச் சரியாக எழுதினால் யார் எழுதிக்கொடுத்தது என்ற கேள்வி வரும்.

நூலோடு நான் முரண்படுவதும் இங்கேதான். கணக்கிடுவது வேறு, தீர்மானிப்பது வேறு. இரண்டாவதை மனிதரே செய்யவேண்டும் என்கிறார் வைசன்பாம். கொள்கையளவில் சரி. ஆனால் அந்த மனிதர் எல்லோரையும் ஒரேமாதிரி வாசிப்பவர் என்ற நம்பிக்கை அந்த வாதத்தின் அடியில் கிடக்கிறது. உச்சரிப்பைக் கேட்டதும் மூளையை அளந்துவிடும் மனிதர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். தானும் ஆங்கிலத்துக்குப் பதின்மூன்று வயதில் வந்தவர், இதற்குத் தன் வாதத்தில் இடம் வைக்கவில்லை. பேச்சை எழுத்தாக்கும் ஆய்வையும் அவர் கடுமையாக எதிர்க்கிறார். உளவு பார்க்கத்தான் உதவும் என்று சந்தேகிக்கிறார். உளவுக்கு உதவியது உண்மைதான். கண்புரை வந்தபின் தட்டச்சிட முடியாத என் அம்மா, போனைப் பார்த்துத் தமிழில் கதைத்து எனக்கு வாட்ஸ்அப் அனுப்புவதும் அதே தொழில்நுட்பத்தால்தான். தனக்குப் பயன்படாத ஒன்று யாருக்குப் பயன்படும் என்று பார்க்கும் பொறுமை அவரிடம் குறைவு.

இன்னொரு பக்கமும் உண்டு. 2004இல் என் ஆய்வேட்டு வரைவில் ஒரு பத்தியைப் பாடநூலிலிருந்து கிட்டத்தட்ட அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். மேற்பார்வையாளர் கண்டுபிடித்துவிட்டார். முறைப்பாடு செய்திருக்கலாம். அதற்குப் பதிலாகத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இதைச் சொல் என்றார். என் அப்போதைய ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். சொல்லச்சொல்ல அவர் எழுதிக்கொண்டு வந்தார். எழுதியதை என்னிடம் தந்து, இதுதான் உன் பத்தி, மற்றதை வெட்டு என்றார். அவருக்கு அந்த வருடம் ஏழு மாணவர்கள்.

பொடியனின் விசாரணைக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். கொழும்புத் துறைமுகத்தின் கொள்கலன் மாற்றுப் போக்குவரத்தைப் பற்றிய ஒப்படை அது. ஆங்கிலத்தில் எழுதுமுன் தமிழில் கிறுக்கிவைத்த இருபது பக்கக் கொப்பியைக் கொண்டுபோகச் சொல்லியிருந்தேன். அவர்களுக்கு அதை வாசிக்கமுடியாது, ஆனால் புரட்டிப் பார்த்தார்கள். பிறகு கேள்விகள் கேட்டார்கள். இருபது நிமிடம் கதைத்தானாம். குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. அன்று மாலை அவன் சொன்னதை என்னால் இன்னும் கடந்துபோக முடியவில்லை.

"நல்ல கேள்வியள் மாமா. இந்த வருசத்திலை ஒரு ரீச்சர் என்னோடை இவ்வளவு நேரம் கதைச்சது இதுதான் முதல் தரம்."

என் அறிக்கையில் ஒரு கணக்கைச் சேர்த்தேன். 240 மாணவர்கள் உள்ள பாடம். கட்டுரைக்கு இருபது நிமிடம் என்றால் 80 மணித்தியாலம். கட்டுரைக்குப் பதிலாக ஆளுக்குப் பதினைந்து நிமிட வாய்மொழிப் பரீட்சை என்றால் 60. மென்பொருள் உரிமக் கட்டணமும் மிச்சம். அறையில் இரண்டு பரீட்சகர்கள் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மேன்முறையீடு வரும் என்றார்கள், 120 ஆனது. ஒலிப்பதிவை யார் பாதுகாப்பது, திக்குவாய் உள்ள மாணவருக்கு என்ன ஏற்பாடு, வெளிப் பரீட்சகருக்கு எதை அனுப்புவது என்று கேட்டார்கள். எல்லாம் நியாயமான கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினேன். மென்பொருளைத் தெரிவுசெய்தார்கள். ஒரே ஒரு பாடத்துக்கு, இரண்டாம் தவணையில், வாய்மொழிப் பரீட்சையைப் பரீட்சித்துப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு நேர அட்டவணை போடும் மென்பொருளை எழுதும் வேலையும் எனக்குத்தான் வந்திருக்கிறது.