பாறையும் கித்தானும்

சிம்லாவில் 1928 இல் பிறந்து 1994 இல் மறைந்த தமிழர் ஜெ. சுவாமிநாதனின் இறுதிக்கால ஓவியங்கள், போபாலை அடுத்த பீம்பேட்கா குகைச்சுவர்களை நமக்கு நினைவூட்டுகின்றன. மானையோ வேடனையோ அவர் படியெடுத்தாரல்லர். மண்நிறப் பரப்பில் முக்கோணங்களையும் குறிகளையுமே இட்டார். கூஃபி எழுத்தில் பழகிய கண்ணுக்கு, பொருள் விளங்குமுன் கோடு உள்ளத்தைத் தொடுவது புதிதன்று.

எனினும் ஐயமொன்று எழுகிறது. குகைக்குறியைப் படிக்க ஒரு குலம் இருந்திருக்கும். இக்குறிகளைப் படிப்போர் எவர்? கித்தான் இதற்கு விடை தரவில்லை. அவர் செயல் தருகிறது. 1982 இல் திறந்த பாரத் பவனில், இத்தகு குறிகளை இன்றும் சுவரில் தீட்டிவரும் பழங்குடியினரின் படைப்புகளை நவீன ஓவியங்களுக்கு நிகராக வைத்தார். கோண்டு ஓவியர் ஜங்கட் சிங் ஷியாம் அவ்வாறே உலகறியப் பெற்றார்.

கோட்டைக் கடன் கொள்வோர் பலர். கோட்டுக்கு உரியோரை அருகமர்த்துவோர் சிலர். பழமையையும் புதுமையையும் கலப்போருக்கு நாம் வைக்கும் உரைகல் இதுவே.