எழாத மூன்றாவது கோடு

2020-இல் சங்கரன்கோவிலில் கொரோனா சோதனைக்காக ஒருவர் மூக்கில் குச்சியை விட்டு எடுத்த மாதிரி முதலில் போய்ச் சேர்ந்த இடம் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி. சுமார் 55 கிலோமீட்டர். அங்கிருந்து வந்த பதில் ஒற்றைச் சொல்: உண்டு, அல்லது இல்லை. வந்திருப்பது எந்த வகை, அதன் புரதத்தில் எந்த இடம் மாறியிருக்கிறது என்று கேட்க வேண்டுமானால் அதே மாதிரி பெங்களூருக்கோ ஐதராபாத்துக்கோ பயணப்பட வேண்டும். பெரும்பாலான மாதிரிகள் அந்தப் பயணத்தைத் தொடங்கவே இல்லை. சங்கரன்கோவில் அடங்கிய தென்காசி தனி மாவட்டமாகி நான்கு மாதம் ஆன கையோடு ஊரடங்கு வந்தது. பக்கத்துப் புளியங்குடி தொற்றுப் பரவும் இடமாகச் செய்திகளில் அடிபட்டது. சங்கரன்கோவிலின் ஆடித்தபசுத் திருவிழா அந்த ஆண்டு கூட்டமில்லாமல் நடந்து முடிந்தது. வைரஸின் உருமாற்றம் பற்றி மாநிலத்துக்கென ஒரு சித்திரம் வந்ததே தவிர, இப்படிப்பட்ட ஊர்களுக்கென ஒன்று வரவில்லை.

கொரோனா வைரஸின் மரபணு ஏறக்குறைய 29,900 எழுத்துகள் நீளம். அதில் ஒரு பகுதி ஸ்பைக் எனப்படும் கூர்முனைப் புரதத்துக்கான குறிப்பு. 1,273 அமினோ அமிலங்களைக் கோத்த சரம் அது. நம் செல்லுக்குள் நுழைய வைரஸ் பிடிக்கும் கைப்பிடியும் இதுதான், தடுப்பூசி நம் உடம்புக்குப் பழக்கிவிடும் அங்க அடையாளமும் இதுதான். சங்கரன்கோவில் போல விசைத்தறி ஓடும் ஊரில் இதன் உருமாற்றத்தை விளக்குவது எளிது. ஒரே டிசைனைத் திரும்பத் திரும்ப நெய்யும் தறியில் எங்காவது ஓர் இழை மாறி விழும். அனேகமாக யார் கண்ணிலும் படாது. எப்போதாவது அந்தப் பிசகே புது டிசைனாகிச் சந்தையைப் பிடித்துக்கொள்ளும். கொரோனா வைரஸிடம் பிழை திருத்தும் நொதி ஒன்று உண்டு என்பதால் ஒரு வம்சாவளியில் மாதத்துக்கு இரண்டு மாற்றம் என்ற வேகம்தான். தறிகள் கோடிக்கணக்கில் ஓடும்போது அதுவே தாராளம்.

இந்த இழைகளை எண்ணும் வேலை வீண் அல்ல என்பதற்கு முதல் ஆண்டிலேயே சான்று கிடைத்தது. 2020 ஜூனில் ஐதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வு மைய விஞ்ஞானிகள் ஏ3ஐ என்ற கிளையை அடையாளம் காட்டினார்கள். அப்போது கையிலிருந்த இந்திய மரபணுக்களில் சுமார் 41 சதவீதம் அந்தக் கிளை. தமிழகத்திலும் தெலங்கானாவிலும் அது நிறையவே இருந்தது. சில மாதங்களில் அது மங்கிப்போக, டி614ஜி என்ற மாற்றம் கொண்ட கிளை அதன் இடத்தைப் பிடித்தது. ஸ்பைக்கின் 614-ஆம் இடத்தில் அஸ்பார்ட்டிக் அமிலம் இருந்த இடத்தில் கிளைசின், அவ்வளவுதான் மாற்றம். உலகமெங்கும் அந்த ஓர் இழை ஜெயித்தது. அமெரிக்காவில் ஜெஸ்ஸி புளூமின் ஆய்வகம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஸ்பைக்கின் பிடிமானப் பகுதியில் நிகழக்கூடிய மாற்றங்களை ஏறத்தாழ அனைத்தையும் செய்து பார்த்து, எது பிடியை இறுக்கும், எது தளர்த்தும் என்று 2020-லேயே பட்டியல் போட்டது. பிடியை இறுக்கும் என்று அதில் குறிக்கப்பட்ட என்501ஒய், பிறகு ஆல்பாவிலும் ஒமைக்ரானிலும் வந்து உட்கார்ந்தது.

ஆய்வகத்துக்குள் இவ்வளவு கூர்மையாக இருந்த அறிவு வெளியே வந்ததும் தடுமாறியது. 2021 மார்ச் 24 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் ‘இரட்டை உருமாற்றம்’ பற்றி அறிவித்தது. எல்452ஆர், ஈ484கியூ என்ற இரண்டும் சேர்ந்து வந்திருக்கின்றன என்பது விஷயம். ‘இரட்டை’ என்ற சொல் தொலைக்காட்சிகளுக்குத் தேனாக இனித்தது. அடுத்த சில வாரங்களில் நாட்டைப் புரட்டிப்போட்ட டெல்டாவில் அந்த ஈ484கியூ கிடையாது. நாடே மனப்பாடம் செய்த ஜோடியில் ஒன்று இல்லாமலேயே டெல்டா தன் வேலையைக் காட்டியது. எண்ணைப் பார்த்துப் பயந்தவர்கள் பரவும் வேகத்தைப் பார்க்கத் தவறினார்கள்.

என்440கே கதை இதைவிடக் கசப்பு. ஆந்திரத்தில் பரவலாகக் கண்ட இந்த மாற்றம் சோதனைக்குழாய் செல்களில் வேகமாகப் பெருகியது உண்மை. அந்த ஒரு முடிவை வைத்துக்கொண்டு 2021 மே மாதம் ‘ஆந்திர வைரஸ்’ என்று ஒரு பூதம் கிளம்பியது. அந்த வகை ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருக்கிறது என்று சிசிஎம்பி தரப்பு விளக்கியும் பயன் இல்லை. ஆந்திரம், தெலங்கானாவிலிருந்து வருவோர் 14 நாள் தனிமையில் இருக்க வேண்டும் என்று டெல்லி உத்தரவு போட்டது. அப்போது டெல்லிக்குள்ளேயே டெல்டா வீடுவீடாக ஏறிக்கொண்டிருந்தது. வகைகளுக்கு கிரேக்க எழுத்துப் பெயர்கள் என்ற ஏற்பாட்டை உலக சுகாதார நிறுவனம் அந்த மே 31 அன்று கொண்டுவந்ததற்கு இந்த மாதிரி ஊர்ப்பெயர் ஒட்டலும் ஒரு காரணம். தென்னாப்பிரிக்காவுக்கோ அதுவும் உதவவில்லை. 2021 நவம்பர் 24 அன்று, பிறகு ஒமைக்ரான் எனப்பட்ட புதிய வகையை நேர்மையாக அறிவித்த அந்த நாட்டுக்கு முதலில் கிடைத்த பரிசு விமானத் தடை.

இனி கணக்குக்கு வரலாம். உருமாற்றத்தைக் கண்காணிக்கும் நடைமுறையின் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது. 2020 டிசம்பர் கடைசியில் இன்சாகாக் என்ற தேசியக் கூட்டமைப்பு 10 ஆய்வகங்களோடு தொடங்கியது. தொற்று உறுதியான மாதிரிகளில் 5 சதவீதத்தை வரிசைப்படுத்துவது, அதாவது அவற்றின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிப்பது, அதன் ஆரம்ப இலக்கு. தமிழகத்தில் இரண்டாம் அலை உச்சம் தொட்ட 2021 மே 21-இல் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. அதில் 5 சதவீதம் என்றால் அன்று மட்டும் 1,800 மரபணுக்கள். நடக்கிற காரியமில்லை. பிறகு வந்த முறை நிதானமானது: மாநிலத்துக்கு ஐந்து ஆய்வகம், ஐந்து பெரிய மருத்துவமனை, ஒவ்வொன்றிலிருந்தும் பதினைந்து நாளுக்குப் பதினைந்து மாதிரி. கூட்டினால் மாதத்துக்கு 300. மாவட்டங்களோ 38. தமிழகம் போன்ற மாநிலத்தில் எந்த வகை மேலோங்குகிறது என்று சொல்ல 300 போதும்; புள்ளியியல் அதை அனுமதிக்கும். ஆனால் பத்தே இடங்களிலிருந்து, அதில் பாதி பெரிய மருத்துவமனைகளிலிருந்து எடுப்பதால், விமானத்தில் வந்தவரும் நகரத்து நோயாளியும் கூடுதலாகத் தெரிவார்கள். சந்தையில் பூ கட்டி விற்பவர் இருமினால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது. வைரஸ் எண்ணிக்கை குறைவான மாதிரிகளை இயந்திரம் சரியாகப் படிக்காது என்பதால் தொற்றின் கடைசிக் கட்டத்தில் எடுத்த மாதிரிகளும் வடிகட்டப்பட்டுவிடும்.

தாமதம் அடுத்த குறை. டெல்டா பிளஸ் வகையால் தமிழகத்தில் முதல் மரணம் மதுரையில் பதிவானதாக 2021 ஜூனில் அறிவித்தார்கள். அந்த நோயாளி இறந்த பின்புதான் வகை எதுவென்று தெரிய வந்தது. மருத்துவர் அதை முன்பே அறிந்திருந்தாலும் சிகிச்சை பெரிதாக மாறியிருக்காது என்பது வேறு விஷயம். வரிசைப்படுத்தல் நோயாளிக்கான சோதனை அல்ல, சமூகத்துக்கான சோதனை. இதை மக்களுக்கு யாரும் தெளிவாகச் சொல்லாததால், தன் மாதிரியைக் கொடுத்தவர் தன் முடிவுக்காகக் காத்திருந்தார்.

முடிவு சீக்கிரம் வந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2021 மார்ச் தொடக்கத்திலேயே புதிய வகை பற்றி இன்சாகாக் அதிகாரிகளை எச்சரித்ததாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அதன் அறிவியல் ஆலோசனைக் குழுத் தலைவர் ஷாஹித் ஜமீல் அந்த மே மாதம் பதவி விலகினார். தேர்தல் கூட்டங்களும் கும்பமேளாவும் நடந்தபடி நடந்தன.

இத்தனைக்கும் நடுவே தமிழகத்தில் மிகச் சிறப்பாக வேலை செய்தது ஒரு குறுக்கு வழி. டாக்பாத் என்ற பிசிஆர் கிட் வைரஸின் மூன்று மரபணுக்களைத் தேடும். தொற்று இருந்தால் திரையில் மூன்று வளைகோடுகள் எழ வேண்டும். ஒமைக்ரானின் ஸ்பைக்கில் 69, 70-ஆம் இடங்கள் உதிர்ந்திருந்ததால் ஸ்பைக்குக்கான மூன்றாவது கோடு எழவில்லை. ‘எஸ்-ஜீன் டிராப்’ என்று சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் தினம் பேட்டியில் சொல்லிச் சொல்லி அந்தச் சொல் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. 2021 டிசம்பர் 15-இல் மாநிலத்தின் முதல் ஒமைக்ரான் தொற்று அறிவிக்கப்பட்டபோதே, சந்தேகத்துக்குரிய மற்றவர்களை இந்தக் கோட்டை வைத்துத்தான் பிரித்தார்கள். சில மணி நேரத்தில், ஏற்கெனவே இருக்கும் இயந்திரத்தில், ஏற்கெனவே பயிற்சி பெற்ற ஆளே செய்யக்கூடிய வேலை. அதே சமயம் சென்னை தேனாம்பேட்டையில் சுமார் 4 கோடி ரூபாயில், மூன்று மாதம் முன்புதான் திறந்த மரபணுப் பகுப்பாய்வுக் கூடம் இருந்தும், முடிவைத் தாமே அறிவிக்க அனுமதி வேண்டும் என்று மாநில அரசு மத்திய அரசைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் கோட்டுக்கும் ஆயுள் குறைவு. பின்னால் வந்த பிஏ.2 வகையில் அந்த இரண்டு இடங்களும் உதிராமல் இருந்தன. மூன்று கோடும் ஒழுங்காக எழுந்தன. எது உதிர்ந்தது, எது உதிரவில்லை என்று சொல்ல முழு வரிசைப்படுத்தல்தான் வேண்டும். ஆகவே ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்ற வாதம் எடுபடாது. பணத்தையும் கவனத்தையும் எந்த விகிதத்தில் பிரிப்பது என்பதே கேள்வி. முழு வரிசைக்கூடம் மாநிலத்துக்கு இரண்டு மூன்று போதும். திருநெல்வேலி, தென்காசி போன்ற இடங்களின் பிசிஆர் கூடங்களில் குறிப்பிட்ட மாற்றங்களைத் தேடும் மலிவான கிட்டும், வட்டாரத்துக்கு இத்தனை மாதிரி என்று சீட்டுக் குலுக்கி எடுக்கும் ஒழுங்கும் இருந்திருந்தால் படம் வேறாக இருந்திருக்கும். போலியோவுக்காக மும்பையில் பல ஆண்டுகளாகச் செய்வதுபோல் கழிவுநீரைச் சோதிப்பது இன்னும் மலிவு. மூக்கைக் காட்டாதவரும் அதில் கணக்கில் வருவார். பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் அது எந்த அளவுக்கு நடக்கும் என்பது தனிச் சிக்கல்.

உருமாற்றத் தகவல் பணத்தை நேரடியாக மிச்சப்படுத்திய இடமும் உண்டு. 2021 மே மாதம் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஆன்டிபாடி காக்டெய்ல் மருந்தின் விலை ஒரு டோஸுக்கு 59,750 ரூபாய். ஒமைக்ரானின் ஸ்பைக் மாற்றங்கள் அதன் பிடியை வழுக்கிவிட்டன. 2022 ஜனவரியில் அமெரிக்கா அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது அந்த அடிப்படையில்தான். தடுப்பூசியில் கதை நேர் எதிர். ஒமைக்ரானுக்கென ஜென்னோவா தயாரித்த இந்திய எம்ஆர்என்ஏ தடுப்பூசி 2023 ஜூனில் வந்தது. பூஸ்டர் என்ற சொல்லையே ஜனங்கள் மறந்துவிட்டிருந்த நேரம் அது.

2023 அக்டோபர் 25 அன்று திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூர் போனார். அவரிடம் ஜேஎன்.1 வகை இருப்பதைக் கண்டுபிடித்தது சிங்கப்பூர். இந்தியாவுக்குள் அதே வகை கேரளத்தில் கண்டறியப்பட்ட செய்தி டிசம்பரில் வந்தது. 2025 ஏப்ரலில் என்பி.1.8.1 வகை தமிழகத்தில் ஒருவரிடம் இருந்ததாக இன்சாகாக் தரவு சொன்னது. ஒன்று என்ற அந்த எண்ணைத்தான் எல்லாத் தொலைக்காட்சியும் வாசித்தன. எத்தனை மாதிரிகளைப் பார்த்ததில் அந்த ஒன்று, அவை எந்தெந்த ஊரிலிருந்து வந்தவை என்று கேட்டிருந்தால் சங்கரன்கோவில் அந்த வரைபடத்தில் எங்கே நிற்கிறது என்பதும் தெரிந்திருக்கும்.