தப்பும் கடிகாரமும்: நெம்மேலிக் கரையும் இலங்கை மலையகமும்

மூன்று மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி, இரும்புத் தகடுகளால் பிணைத்து வட்டச் சட்டமாக்கி, அதன் ஒரு முகத்தில் கன்றுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இறுக்கிய கருவியே தமிழகத்தில் பறை என்றும் தப்பு என்றும் வழங்குகிறது. ஏறத்தாழ ஒன்றேகால் அடி குறுக்களவும் தட்டையான முகமும் கொண்ட இக்கருவி, பழுதுபட்ட பின் சுவர்க்கடிகாரமாக மாறுவதற்குத் தவிலையோ மிருதங்கத்தையோ விடப் பெரிதும் ஏற்றது. இரும்புச் சட்டமும் செயற்கை இழைத் தோலும் கொண்ட பறைகள் பரவிவிட்ட இக்காலத்தில், தோற்பறையின் மரச்சட்டங்கள் பரணுக்குப் போவதும் மிகுந்துவிட்டது. அத்தகைய சட்டத்தைக் கடிகாரமாக்குவதை வெறும் அலங்கார வேலையாக ஒதுக்கிவிட இயலாது. நேரம் அறிவித்தல் தோற்கருவிகளின் பழந்தொழில்களுள் ஒன்றாக இருந்ததோடு, தமிழகத்திலிருந்து கடல் கடந்த தப்பு, இலங்கையில் அத்தொழிலை மிகக் கடுமையான சூழலில் செய்யவும் நேர்ந்தது.

காலத்தை அளந்த முறையில் இரு நாடுகளுக்கும் வேறுபாடு குறைவு. ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்து, ஒரு நாழிகையை இன்றைய 24 நிமிடமாகக் கொள்வது தமிழ் மரபு. சிங்கள மரபின் பழைய 'பெய' என்ற அளவும் அதுவே. சங்க நூல்கள் குறுநீர்க் கன்னல் என்று சுட்டும் நீர்க்கடிகாரமும், அதைக் காத்திருந்து பொழுதுரைத்த நாழிகைக் கணக்கரும் தமிழ் அரசர்க்கு இருந்தனர். 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ராபர்ட் நாக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில், அடியில் நுண்துளையிட்ட செப்புக் கிண்ணம் நீரில் மிதந்து நிரம்பி மூழ்குவதைக் கொண்டு அரசன் பொழுதளந்ததையும், அதைக் கவனிக்கவே ஓர் ஆள் இருந்ததையும், விதைப்பு முதலிய நல்ல நேரங்களுக்கு மட்டும் பொதுமக்கள் அதைப் பயன்படுத்தியதையும் குறித்துள்ளார். கிண்ணம் அளந்த நேரத்தை ஊரார் செவிக்குக் கொண்டுசேர்க்க ஓசை வேண்டியிருந்தது. மணியும் சங்கும் மேளமும் அதற்கு உதவின.

அவ்வோசையின் பிற்கால வரலாறு இரு நாடுகளிலும் ஒன்றுபோல் செல்லவில்லை. கண்டி தலதா மாளிகையில் 'தேவாவ' எனப்படும் நாள்வழிபாடு விடியலிலும் முற்பகலிலும் மாலையிலும் நிகழும்போது, தவுல, தம்மெட்டம என்னும் மேளங்களை மனிதரே இன்றும் முழக்குகின்றனர். தமிழகக் கோயில்கள் பலவற்றிலோ, மின்விசையால் இயங்கி மேளத்தையும் மணியையும் தானே அடிக்கும் பொறி பூசை வேளையை அறிவிக்கிறது. மேளக்காரருக்கு ஊதியம் தர இயலாத சிறு கோயில்களின் நெருக்கடி இதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆயினும் கையின் நுட்பத்தை இழந்த அந்த ஓசை ஓர் இழப்பே.

இலங்கை மலையகத்தின் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சை, திருச்சி, மதுரை, சேலம் பகுதிகளிலிருந்து முதலில் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்ற தமிழ்த் தொழிலாளருடன் தப்பும் சென்றது. அங்கே விடியுமுன் லயன்களில், அதாவது தொழிலாளர் வாழ்ந்த வரிசை வீடுகளில், உறங்கியோரை எழுப்பிப் பிரட்டுக்கு அழைக்கத் தப்பு அடிக்கப்பட்டது. பிரட்டு என்பது தொழிலாளரை நிறுத்திப் பெயர் பார்த்து அன்றைய வேலையைப் பகிர்ந்தளிக்கும் காலைக் கூட்டம். சாவுக்கும் திருவிழாவுக்கும் உரிய கருவி, தோட்டத் துரையின் கால அட்டவணைக்குக் கட்டுப்பட்ட கடிகாரமாக்கப்பட்டது அங்கேதான். அதே தப்பு, காமன் கதையை நடிக்கும் காமன்கூத்திலும் முழங்கி அம்மக்களின் கலையாக நிலைத்தது என்பது அக்கருவியின் வலிமையைக் காட்டுகிறது.

கடிகாரமாக்கும் கைவேலையில் இரு நிலங்களும் வெவ்வேறு தொல்லைகளைத் தருகின்றன. சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள நெம்மேலி, 2013இல் இயங்கத் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தால் அறியப்பட்ட ஊர். அங்கு வீசும் உப்புக்காற்று சட்டத்தின் இணைப்புத் தகடுகளையும், மின்கலம் பொருந்தும் உலோக முனைகளையும் எளிதில் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால், தகடுகளைத் தேய்த்து வண்ணம் பூசுவது முதல் வேலையாகிறது. நுவரெலியா போன்ற மலைப்பகுதியில் உப்பில்லை, பனிமூட்டம் உண்டு. ஈரத்தில் தோல் தளரும். அதனால்தான் வாசிக்குமுன் தப்பைத் தீயில் காய்ச்சுவர். சுவரில் தொங்கும் தப்பை நாள்தோறும் காய்ச்ச இயலாது; தோல் தளர்ந்து மேடுபள்ளமானால் நிமிடமுள் அதில் உரசி நின்றுவிடும்.

இரு இடங்களுக்கும் பொதுவான தீர்வு, தோலுக்குப் பின்னால் ஒட்டுப்பலகை வட்டம் ஒன்றைச் சட்டத்தோடு திருகாணியிட்டுப் பொருத்துவதே. நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தைக் கொண்ட குவார்ட்ஸ் பொறியின் எடையைத் தோல் தாங்க வேண்டியதில்லை, பலகை தாங்கிக்கொள்ளும். பலகை, தோல் இரண்டின் தடிப்பையும் கடந்து மறை வெளியே தெரியும் அளவுக்கு நீண்ட தண்டுள்ள பொறியையே வாங்க வேண்டும். நடுப்புள்ளியை நூல் பிடித்துக் குறித்தபின் தோலைக் கத்தியால் கீறினால் கிழிசல் ஓடும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளையிட்டால் விளிம்பு சுருங்கி இறுகிவிடும். குச்சி பட்டுப்பட்டுக் கருத்த தோலின் நடுப்பகுதியை வண்ணத்தால் மூடாமல் விடுவது நல்லது. அந்தத் தழும்பு வாசித்தவரின் கையெழுத்து.

எனினும், சட்டம் உறுதியாக உள்ள பறையைக் கடிகாரமாக்குவது தவறு. புதுத்தோல் போட்டு வாசிக்கக் கொடுப்பதே அதற்குரிய மரியாதை. தமிழகத்தில் பறையரும் சிங்களரிடையே பெரவாவினரும் மேளம் அடிக்கும் தொழிலோடு பிணைக்கப்பட்டுத் தாழ்த்தி வைக்கப்பட்டனர். அந்த இழிவை எதிர்த்துப் பறையைக் கலையாக மீட்டெடுத்தவர்களின் உழைப்புக்கு 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு அளிக்கப்பட்ட பத்மஸ்ரீ விருது ஒரு சான்று. ஆகவே மரம் உளுத்து, தகட்டாணி நிற்காமல், தோலின் இழுவையைத் தாங்க முடியாத சட்டங்களையே இவ்வேலைக்கு எடுக்க வேண்டும். அவற்றையும், அவற்றை வாசித்த குடும்பத்தாரிடம் கேட்டே எடுக்க வேண்டும்.