ஆலைக்கு வந்த நிம்மதி வயலுக்கு வந்ததா?

அரசியல் செல்வாக்கு இருக்கிற கம்பெனி புதுசா எதையாவது செய்யுமா, இல்லை செல்வாக்கிலேயே காலத்தை ஓட்டிவிடுமா? நிர்வாகவியல் ஆய்வுகளில் இதற்கு இரண்டு பதில் உண்டு. நாளைய விதி என்னவென்று தெரியாத சூழலில் அரசோடு பேச வழியிருந்தால் துணிந்து முதலீடு செய்யலாம் என்பது ஒன்று. இன்னொன்று இத்தாலியிலிருந்து வருகிறது. அக்சிகிட், பஸ்லான்ட்சே, லோட்டி மூவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, சந்தையில் முன்னுக்கு வரும் நிறுவனங்கள் அரசியல்வாதிகளை அதிகமாக வேலைக்கு வைத்துக்கொள்கின்றன, புதுமையில் பின்தங்குகின்றன.

இரண்டு பதிலும் எனக்குப் போதவில்லை. காரணம் கரும்பு.

திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கரும்புக்கு மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவு ஆலை இருக்கிறது. கூட்டுறவோ தனியாரோ, எந்த ஊர்க் கரும்பு எந்த ஆலைக்கு என்பதை அரசு ஒதுக்குகிறது. கரும்புக்குக் குறைந்தபட்ச விலை டெல்லியில் முடிவாகிறது. 2018 ஜூனிலிருந்து மாதம் எவ்வளவு சர்க்கரை விற்கலாம் என்பதும் அங்கேதான். அப்போது கிலோவுக்கு 29 ரூபாய் என்று வைத்த குறைந்தபட்ச விற்பனை விலையை 2019 பிப்ரவரியில் 31 ஆக்கினார்கள். இப்படிப்பட்ட தொழிலில் அரசியல் ஈடுபாடு என்பது ஒரு கம்பெனி வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளும் உத்தி அல்ல. மழை மாதிரி, எல்லார் தலையிலும் விழுவது.

எத்தனாலைப் பாருங்கள். 2018இல் உயிரி எரிபொருள் கொள்கை வந்தது. வடிப்பாலை கட்ட வட்டி மானியம் கிடைத்தது. வாங்குவது அரசு எண்ணெய் நிறுவனங்கள், விலை சொல்வதும் அரசு. ஆலைகள் துணிந்து பணம் போட்டன. 1932இலிருந்து இருக்கும் இந்திய சர்க்கரை ஆலைகள் சங்கம் தன் பெயரிலேயே உயிரி ஆற்றலைச் சேர்த்துக்கொண்டது. முதல் பதில் சரிதான் போல என்று தோன்றும்.

ஆனால் 2023 டிசம்பர் 7 அன்று, கரும்புச் சாற்றில் எத்தனால் எடுக்காதே என்று உத்தரவு வந்தது. மழைக்குறைவால் சர்க்கரை தட்டுப்படுமோ என்ற பயம். ஒரு வாரம் கழித்து, 17 லட்சம் டன் சர்க்கரைக்கு ஈடான அளவுவரை போகலாம் என்று தளர்த்தினார்கள். 2024 ஆகஸ்டில் அடுத்த ஆண்டுக்கான தடையை நீக்கினார்கள். கொள்கை நீக்கிய நிச்சயமின்மையைக் கொள்கையே திருப்பிக் கொண்டுவந்தது.

என் விமர்சனம் இதுதான்: அரசியல் புதுமையைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்று கேட்பதே அரைகுறைக் கேள்வி. அது புதுமையை எந்தப் பக்கம் திருப்புகிறது என்று கேட்கணும். அரசு விலை சொல்லும் இடத்துக்குப் பணம் ஓடுகிறது. வயலில் என்ன நடந்தது? தமிழ்நாட்டில் பெருவாரியாகப் பயிராகும் கோ 86032 ரகம் 2000இல் வெளியானது. அது கோவையில் இருக்கும் அரசின் கரும்பு இனப்பெருக்கு நிலையம் தந்தது, ஆலைகள் தந்ததல்ல. நல்ல கரும்பு வளர்த்தாலும் விவசாயிக்கு எடைக்குத்தான் காசு. சர்க்கரை கட்டுமானத்தை ஆலையின் சராசரியாகத்தான் கணக்கிடுகிறார்கள். 2024-25இல் அது 9.5 விழுக்காடோ அதற்குக் கீழோ இருந்தால் குவிண்டாலுக்குக் குறைந்தபட்ச விலை 315.10 ரூபாய். புதுசா முயன்று பார்க்க அவருக்கு என்ன தூண்டுதல்?

சந்தீப் சுக்தங்கரின் 2012 ஆய்வு இன்னும் கசப்பானது. மகாராஷ்டிரத்தில் அரசியல்வாதிகள் கையிலிருந்த ஆலைகள் தேர்தல் ஆண்டுகளில் கரும்புக்குக் குறைவாக விலை கொடுத்தன என்று அவர் காட்டினார். அதை அப்படியே தமிழ்நாட்டுக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் அவர் கணக்கைத் தொடங்கிய இடம் சரியானது: விவசாயி கைக்கு வந்த காசு.

மானியமும் உறுதியான கொள்முதலும் இல்லாமல் எந்த ஆலையும் வடிப்பாலை கட்டியிருக்காது என்பார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. அந்த உறுதி யாருக்குக் கிடைத்தது என்பதையும் சேர்த்து அளந்தால் போதும். வெட்டு உத்தரவு தள்ளிப்போனால் வயலில் நிற்கும் கரும்பு காய்ந்து எடை இழக்கும். அந்த நஷ்டம் காப்புரிமை எண்ணிக்கையில் வராது.