சாவுச் சடங்கில் கூடிய கலைகள்: நீலகிரி ஆய்வுகள் குறித்து

நீலகிரி மலையின் தோடரும் கோத்தரும் ஒவ்வொன்றும் சுமார் 2,000 பேர் கொண்ட சமூகங்கள். இவ்வளவு சிறிய மக்கள் கூட்டங்களைப் பற்றி இத்தனை புத்தகங்கள் வேறெங்காவது எழுதப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான். 1873இல் பிரீக்ஸ் வெளியிட்ட அறிக்கை தொடங்கி இன்றுவரை மொழியியலாளர்கள், மானிடவியலாளர்கள், இசை ஆய்வாளர்கள், கைவினை வளர்ச்சிக்காரர்கள் என்று வரிசை நீள்கிறது. இந்த நூல்களைச் சேர்த்து வைத்துப் படிக்கும்போது ஒரு குறை உறுத்துகிறது. பாட்டை ஆராய்ந்தவரின் பக்கங்களில் துணி தலைகாட்டுவதே அரிது. துணிக்கு உதவ வந்தவர்கள் பாட்டைக் கேட்கவில்லை. இசையை ஆராய்ந்தவர் பக்கத்துச் சமூகத்துக்குப் போய்விட்டார். மலையிலோ இவை மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நாளில் கூடியவை. அந்த இடம் சாவுச் சடங்கு.

கேம்பிரிட்ஜிலிருந்து வந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901-02இல் தோடர்களிடையே தங்கினார். 1906இல் வெளிவந்த அவருடைய நூலில் இந்தக் கூடல் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. இறந்தவரின் உடலைப் பூத்தையல் போட்ட பூத்துக்குளிச் சால்வையில் சுற்றுகிறார்கள். எருமையைப் பிடித்து வந்து பலியிடுகிறார்கள். இருவர் இருவராக நெற்றியோடு நெற்றி சேர்த்து அழுகிறார்கள். கோத்தர்கள் குழலும் பறையும் கொண்டு வந்து வாசிக்கிறார்கள். பலியான எருமையின் இறைச்சி அவர்களுக்குப் போகிறது. இறந்தவரின் குணத்தையும் வாழ்வையும் பற்றிப் புதிதாகப் பாட்டுக் கட்டுகிறார்கள். உயிர் குறிப்பிட்ட பாறைகளையும் ஓடைகளையும் கடந்து மேற்கே இருக்கும் மறுஉலகுக்கு நடந்து போகிறது. இறுதிச் சடங்கு இரண்டு: உடலை எரிக்கும்போது பச்சைச் சாவு, பின்னொரு நாளில் உலர் சாவு. எருமைப் பலிக்கு ஆங்கில அரசு கட்டுப்பாடு விதித்ததையும் ரிவர்ஸ் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு சிகரத்துக்கும், பால் கடையும் புனித இல்லமான பால்மனைக்கும், பேர்பெற்ற எருமைக்கும் வழிபாட்டில் மட்டும் சொல்லும் தனிப்பெயர் உண்டு என்பதையும் முதலில் விரிவாகக் குறித்தவர் அவரே.

அந்தப் பெயர்கள் பாட்டில் என்ன செய்கின்றன என்று காட்டியவர் எம். பி. எமனோ. மொழியியலாளர் சபீரின் மாணவரான இவர் 1935இல் நீலகிரிக்கு வந்தார். கேட்டு எழுதிய பாடல்கள் 1971இல் ஏறத்தாழ ஆயிரம் பக்க நூலாக வெளிவந்தன. தோடர் பாட்டின் இலக்கணம் வியப்பூட்டுவது. அதில் அடிகள் இணை இணையாகவே நடக்கும். ஒரு பால்மனையைச் சொன்னால் அதற்கு ஈடாக இன்னொரு பால்மனை அடுத்த அடியில் வந்தாக வேண்டும். இரண்டு அடிகளின் தொடரமைப்பும் ஒன்றே, மாறுவது ஓரிரு சொல்தான். எந்தச் சொல்லுக்கு எது இணை என்பது மரபு வகுத்தது. பாட்டுடைத் தலைவரின் பெயரை நேராகச் சொல்வதில்லை. அவருடைய மந்து (தோடர் குடியிருப்பு), எருமை, அவர் செய்த காரியம் ஆகியவற்றுக்குரிய தொடர்களைக் கோத்தால் கேட்பவர்களுக்கு ஆள் யாரென்று விளங்கிவிடும். புலவர் என்று தனி ஆள் கிடையாது. சாவானாலும் திருமணமானாலும் யாரும் பாட்டுக் கட்டலாம். நன்றாகக் கட்டுபவருக்குப் பெயர் நிற்கும். எழுத்தில்லாத மக்கள் இவ்வளவு இறுக்கமான யாப்பை மனத்திலேயே வைத்துப் புழங்கியிருக்கிறார்கள். வாய்மொழி இலக்கியம் என்றால் தளர்வானது, எளிமையானது என்று நம் பாடநூல்கள் சொல்லிவந்ததற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

நூலில் இருப்பது சொல் மட்டுமே, குரல் இல்லை. அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது த்சுயோஷி நாராவும் பேரி பாஸ்கரராவும் ஒலிப்பதிவோடு சேர்த்து 2003இல் வெளியிட்ட தோடர் பாடல் தொகுப்பு.

கோத்தர் பக்கம் வந்தால் கதை வேறு. இரும்பு, மரம், மண்பானை, இசை ஆகியவை மலைக்கு அவர்கள் தந்தவை. பானை வனைவது பெண்கள். மலையில் பயிர்த்தொழில் செய்யும் படகர்களும் தோடர்களும் தானியமும் நெய்யும் இறைச்சியும் கொடுத்தார்கள். 1930களில் கொல்லிமலை என்னும் கோத்தர் ஊரில் ஆய்வு செய்த டேவிட் மாண்டல்பாம் இந்தப் பரிமாற்றம் அறுந்துகொண்டிருந்ததைக் கண்ணெதிரே கண்டார். படகர்கள் சடங்குகளுக்குக் கோத்தர் மேளத்தை அழைப்பதை நிறுத்திவந்தார்கள். பானையும் அரிவாளும் கடைவீதியில் கிடைத்தன. 1924இல் வந்த கொள்ளைக் காய்ச்சல் அந்த ஊரின் பூசாரிகளையே கொண்டுபோயிருந்தது. ஊருக்குள்ளேயும் கிளர்ச்சி. சுள்ளி என்ற பள்ளி ஆசிரியர் முடியை வெட்டிக்கொண்டார். செத்த விலங்கின் இறைச்சியை விலக்கச் சொன்னார். பிறர் வீட்டுச் சாவுக்கு வாசிக்கப் போவது இழிவு என்றார். வியப்பு என்னவென்றால், எமனோ 1944-46இல் நான்கு பகுதிகளாக வெளியிட்ட கோத்தர் கதைகளைச் சொன்னவரும் இதே சுள்ளிதான். பழைய வழக்கங்களை எதிர்த்தவரின் நினைவில்தான் பழங்கதைகள் முழுமையாக இருந்தன. மாண்டல்பாம் அவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். மலையில் மாற்றம் என்றாலே வெளியாள் திணித்தது என்று எண்ணுபவர்கள் அவசியம் படிக்க வேண்டிய கட்டுரை அது.

கேட்பார் போனபின் இசை அழிந்திருக்க வேண்டும் அல்லவா? அழியவில்லை. ரிச்சர்ட் வுல்ஃப் 2005இல் வெளியிட்ட நூல் இதற்குச் சான்று. ஒரு கறுப்புப் பசு முன்னே நடக்க, அது குளம்பு பதித்த இடங்களில் கோத்தர் ஊர் அமைத்தார்கள் என்பது தொல்கதை. நூலின் தலைப்பும் அதிலிருந்தே பிறந்தது. ‘கொள்’ என்னும் சீவாளிக் குழல், வளைந்த பித்தளைக் கொம்பு, பறைகள் இவற்றில் தேவர்க்குரிய மெட்டு வேறு, சாவுக்குரியது வேறு, ஆட்டத்துக்குரியது வேறு. கோயில் விழாவில் சாவு மெட்டு ஒலிக்கலாகாது. எந்த இடத்தில், எந்த நேரத்தில், சடங்கின் எந்தக் கட்டத்தில் எந்த மெட்டு என்பது வரையறுக்கப்பட்டது. இசையாலேயே கோத்தர்கள் காலத்தையும் இடத்தையும் நிலைநிறுத்திக்கொள்கிறார்கள் என்பது வுல்ஃபின் வாதம். எனக்கு அது முழுக்க உடன்பாடு. பிறருக்குக் கடமையாக வாசித்த காலம் முடிந்து, தம் தெய்வங்களுக்கும் தம் இறந்தோருக்கும் வாசிக்கும் இசையாக அது உள்நோக்கித் திரும்பியது. ‘அழிந்துவரும் கலை’ என்று எதையும் எடுத்த எடுப்பில் எழுதிவிடும் பழக்கம் நம் இதழ்களுக்கு உண்டு. கோத்தர் இசை அந்தத் தலைப்புக்குள் அடங்காது.

தோடர் பூத்தையல் இதற்கு நேர்மாறாக வெளிநோக்கிப் போயிற்று. கையில் எடுத்துப் பார்த்தால்தான் அதன் நுட்பம் தெரியும். வெள்ளைப் பருத்தித் துணியைத் தோடர்கள் நெய்வதில்லை, சமவெளியிலிருந்து வாங்குகிறார்கள். சிவப்பும் கறுப்புமாகக் கோடுகள் ஓடும் பகுதிகளுக்கு இடையில் பெண்கள் தைக்கிறார்கள். துணியில் வரைந்துகொள்வதில்லை, சட்டத்தில் இழுத்துக் கட்டுவதுமில்லை. ஊடிழையையும் பாவிழையையும் எண்ணி எண்ணி ஊசியை விடுகிறார்கள். ஓர் இழை பிசகினால் அணி முழுவதும் சாயும். மறுபக்கத்திலிருந்து தைப்பதாலும் நூலைச் சிறிது தளரவிடுவதாலும் வேலைப்பாடு மேலெழும்பி நிற்கும். விரலால் தடவினால் நெய்தது போலிருக்கும். எருமைக் கொம்பு, தேனடை, மயிலிறகு, சூரியன், சந்திரன் என்று அணிகளுக்குப் பெயர்கள். பாட்டில் இணை இணையாகச் செல்லும் அடிகளுக்கும் துணியில் எதிரெதிராக விழும் அணிகளுக்கும் உறவு உண்டா என்று யாராவது இரண்டையும் அறிந்த ஒரு பாட்டியோடு உட்கார்ந்து ஆராய்ந்திருக்க வேண்டும். நான் படித்தவரையில் அப்படி ஓர் ஆய்வு இல்லை.

2013இல் இந்தத் தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சால்வை, கைப்பை, மேசை விரிப்பு என்று பொருள்கள் பெருகின. பெண்கள் கையில் காசு வந்தது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் கைவினை அறிக்கைகளில் பூத்துக்குளி இறந்தவரைச் சுற்றும் துணி என்பது ஒரு வரியில் கடந்துபோகிறது. விற்கும் சால்வையில் எந்த அணி வரலாம், எது வீட்டோடு இருக்க வேண்டும் என்று பெண்கள் எப்படித் தீர்மானிக்கிறார்கள்? அந்தக் கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மலையின் மற்றச் சமூகங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல இயலும். படகர் பழமொழிகளையும் வேண்டுதல்களையும் பால் ஹாக்கிங்ஸ் 1988இல் தொகுத்தார். இறந்தவரின் பாவங்களை வரிசையாகச் சொல்லிக் கன்றின்மேல் ஏற்றும் படகர் சாவுப் பாட்டு தனி ஆய்வுக்கு உரியது. படகர் வாழ்வை நாவலாக்கிய ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ பல மானிடவியல் நூல்களைவிட அதிகத் தமிழ் வாசகர்களை எட்டியிருக்கிறது. ஆலு குறும்பர்கள் வேங்கை மரத்துப் பால் முதலான இயற்கை வண்ணங்களால் தீட்டிய சுவரோவியங்கள் இப்போது தாளுக்கு வந்துவிட்டன. இருளர் மொழியை கமில் சுவலபில் ஆராய்ந்தார். அவர்களின் பாட்டு நாடறிய வந்தது அட்டப்பாடியின் நஞ்சியம்மா வாயிலாக. மலையாளப் படத்தில் அவர் பாடியதற்கு 2022இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டது.

தமிழில் பிலோ இருதயநாத் காடு காடாக அலைந்து எழுதினார். பக்தவத்சல பாரதியின் ‘தமிழகப் பழங்குடிகள்’ நல்ல அடிப்படை நூல். அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியலாளர்கள் தோடம், கோத்தம், இருளம் ஆகியவற்றின் ஒலியையும் இலக்கணத்தையும் எழுதினார்கள், ஆங்கிலத்தில். எமனோவும் வுல்ஃபும் தமிழில் முழுமையாக வரவில்லை. உதகையிலேயே வளரும் ஒரு கோத்த இளைஞர் தன் ஊர் இசையைப் பற்றிய தலைசிறந்த நூலை ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும்.

உதகையின் பல் மருத்துவர் தருண் சாப்ரா 2015இல் வெளியிட்ட நூல் தொடக்கத்தில் சொன்ன பிளவுகளை ஓரளவு கடக்கிறது. உயிர் மேற்கே போகும் வழியின் பாறை, ஓடை, மரம் ஒவ்வொன்றையும் அவர் தோடர்களோடு நடந்து அடையாளம் கண்டிருக்கிறார். அதைப் படித்தபின் பாட்டின் சிக்கல் வேறு விதமாகத் தெரிகிறது. மேய்ச்சல் புல்வெளிகள் பல பைகாரா, முக்குருத்தி, எமரால்டு, போர்த்திமந்து நீர்த்தேக்கங்களுக்கு அடியிலோ சீகை, தைல மரக் காடுகளுக்கு உள்ளேயோ போய்விட்டன. பாட்டின் இணைத்தொடர்களில் பல இடப்பெயர்கள். எருமை மேயாத இடத்தின் பெயரைப் பாட்டில் கேட்கும் இளைஞருக்கு அது வெறும் ஒலிதான்.

இனிச் செய்ய வேண்டியது கைக்கெட்டும் வேலை. எமனோவின் பாடங்கள் மொழியியல் குறியீட்டில் அச்சானவை. பாடியவர்களின் பேரப்பிள்ளைகளால் அவற்றைப் படிக்க முடியாது. பள்ளியில் அவர்கள் கற்றது தமிழ் எழுத்து. தோடத்தின் பலவகை உரசொலிகளுக்கும் ரகரங்களுக்கும் அந்த எழுத்து போதாது, சில புள்ளிகளும் குறிகளும் சேர்க்க வேண்டியிருக்கும். அந்தக் குறிகளை மந்துகளில் இருப்பவர்களே தேர்ந்து, ஒலிப்பதிவையும் சாப்ராவின் இடக்குறிப்புகளையும் பக்கத்தில் வைத்து, பாடத் தெரிந்தவர்களையும் தைக்கத் தெரிந்தவர்களையும் சேர்த்து உட்காரவைத்து ஒரு பதிப்பு கொண்டுவரலாம். உதகை முத்தோரைப் பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. மந்துகள் அங்கிருந்து தொலைவில் இல்லை.