எழுதிய பிரிவும் எழுதாத தத்துவமும்: இலங்கை அரசியலமைப்பு அனுபவத்தில் சட்டம், அரசியல், சுதந்திரம்

சட்டத்துக்கும் அரசியலுக்கும் சுதந்திரத்துக்கும் இடையிலான உறவு பற்றி அரசியலமைப்புக் கோட்பாட்டில் இரு கருத்துக்கள் நெடுங்காலமாக எதிரெதிரே நின்று வந்துள்ளன. சட்டம் அரசியலுக்கு மேலே நிற்பது, ஆட்சியாளரின் கைகளைக் கட்டித் தனிமனித சுதந்திரத்தைப் பேணுவது என்பது தாராண்மைவாதிகளின் கருத்து. சட்டம் ஆளும் வர்க்கத்தின் விருப்பமேயன்றி வேறன்று, அதன் நடுநிலைமை வெறும் முகமூடியே என்பது நம்மவர் பலரின் கருத்து. முதலாவதன் போதாமையை முற்போக்கு வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. இரண்டாவதோ, நாமே கைக்கொண்டிருக்கும் காரணத்தினால், போதிய விமர்சனத்துக்கு உட்படாதிருந்து வந்துள்ளது. இலங்கையின் அரசியலமைப்பு வரலாற்றிலிருந்து சில வழக்குகளை எடுத்து இவ்விரு கருத்துக்களையும் உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நாம் சட்ட வல்லுநர் அல்லர், இலக்கிய மாணவர். ஆயினும் சட்டமும் ஒரு வாசகமே. அதனை எவர், எச்சூழலில், எவ்வாறு வாசிக்கின்றனர் என்னும் வினா நமக்குப் புதியதன்று.

1

சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு பிரசித்தமானது. எந்தவொரு சமூகத்தினர் மீதும், ஏனைய சமூகத்தினருக்கு இல்லாத தகுதியீனத்தையோ கட்டுப்பாட்டையோ பாராளுமன்றம் சட்டத்தின் மூலம் சுமத்தலாகாது என்றும், அவ்வாறு சுமத்தும் சட்டம் செல்லுபடியாகாது என்றும் அது விதித்தது. சிறுபான்மையோரின் காப்பரண் எனப் பலரும் அதனைப் போற்றினர்.

சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே அக்காப்பரண் சோதனைக்குள்ளாயிற்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், ஏற்கெனவே இலங்கையிற் பிறந்திருந்த ஒருவர் பரம்பரை வழியாகப் பிரசையாவதற்கு அவரது தந்தை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும், இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும் எனக் கூறியது. 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரசையல்லாதோரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பில் இடம்பெறுவதைத் தடுத்தது. இவ்விரு சட்டங்களிலும் 'தமிழர்' என்ற சொல்லோ 'தோட்டத் தொழிலாளர்' என்ற சொல்லோ இல்லை. ஆனால் இரண்டும் இணைந்து யாரைத் தாக்கின என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றிருந்தது. வேறு தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளருக்குத் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் துணைநின்றன. 1952 தேர்தலிலோ மலையகத் தமிழரின் பிரதிநிதி ஒருவரேனும் பாராளுமன்றம் செல்லவில்லை. இனப் பாகுபாடாகத் தோன்றிய இந்நடவடிக்கை வர்க்க நடவடிக்கையாகவும் அமைந்தமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இச்சட்டங்கள் 29 ஆம் பிரிவுக்கு முரணானவை என்ற வாதம் கேகாலை மாவட்டத்து வாக்காளர் இடாப்பிலிருந்து எழுந்தது. இடாப்பைத் திருத்தும் அதிகாரி அவ்வாதத்தை ஏற்றார். 1951 இல் உயர் நீதிமன்றம் அதனை நிராகரித்தது. 1953 இல், கோடகன் பிள்ளை வழக்கில், இலண்டன் கோமறைக் கழகம் அந்நிராகரிப்பை உறுதிசெய்தது. சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கும்போது அதற்கு வெளியே சென்று நோக்கத்தைத் தேடவேண்டியதில்லை என்பது உயர் நீதிமன்றத்தின் நிலைப்பாடு. இந்தியத் தமிழரின் இடம்பெயரும் வழக்கம் அவர்கள் பிரசைகளாவதற்குரிய தகுதியைப் பற்றிய விடயமே, ஒரு சமூகம் என்ற வகையில் அவர்களைப் பற்றியதன்று என்றது கோமறைக் கழகம்.

இலக்கியத் திறனாய்வில் நாம் நன்கறிந்த ஒரு வாசிப்பு முறை இங்கு தொழிற்படுகின்றது. படைப்புக்குப் புறத்தே உள்ள எதுவும் படைப்பின் பொருளைத் தீர்மானிக்காது என்ற உருவவாதிகளின் கொள்கையைப் பல ஆண்டுகளாக நாம் மறுத்து வந்துள்ளோம். அக்கொள்கை இலக்கிய மேசையில் ஒரு கவிதையின் சுவையையே கெடுக்கும். நீதிமன்ற மேசையிலோ அது இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது.

2

இதே கோமறைக் கழகம் பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர் வழங்கிய வேறொரு தீர்ப்பை இதனுடன் ஒப்புநோக்குவோம். 1962 தைமாதத்தில் இராணுவ, பொலிஸ் உயரதிகாரிகள் சிலர் அரசைக் கவிழ்க்கச் சதிசெய்தனர். அவர்களை விசாரிப்பதற்கென்றே அவ்வாண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அது பின்னோக்கிய காலத்துக்கும் செல்லுபடியாகியது. யூரர் இன்றி விசாரிக்கவும், வழமையாக ஏற்கப்படாத சாட்சியத்தை ஏற்கவும், தண்டனையைக் கூட்டவும் இடமளித்தது. பதினொருவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். 1965 இல், லியனகே வழக்கில், கோமறைக் கழகம் அனைவரையும் விடுவித்தது. நீதித்துறை அதிகாரம் சட்டசபையிலிருந்து வேறானது என்ற வாக்கியம் சோல்பரி அரசியலமைப்பில் எங்கும் இல்லை. எனினும் அதன் அமைப்பிலிருந்தும் வரலாற்றிலிருந்தும் அத்தத்துவம் பெறப்படுகின்றது என நீதிபதிகள் கண்டனர்.

எழுதாத தத்துவம் உயரதிகாரிகளைக் காத்தது. எழுதிய பிரிவு தொழிலாளரைக் காக்கவில்லை. இதனைக் கண்டதும் 'முகமூடி' என்று கூறி அமைவது எளிது. ஆனால் அவ்விளக்கம் போதாது. நீதிபதிகளின் தனிப்பட்ட மனச்சாய்வை நாம் அறியோம். அதனை அறியவேண்டிய தேவையும் இல்லை. வேறுபாடு சட்டத்தின் உருவத்திலேயே உள்ளது. 1962 ஆம் ஆண்டுச் சட்டம் பெயர் தெரிந்த குறிப்பிட்ட சிலரைக் குறிவைத்தது. பிரசாவுரிமைச் சட்டமோ 'எவரேனும் ஒருவர்' என்று பொதுமையிற் பேசியது. தனிமனிதனைப் பொதுமையிலிருந்து பிரித்தெடுத்துத் தாக்கும்போது முதலாளித்துவச் சட்டம் அதனை உடனே இனங்காண்கின்றது. பொதுவிதியின் ஊடாக ஒரு வர்க்கத்தைத் தாக்கும்போது அதற்குக் கண் தெரிவதில்லை.

ஜேர்மானிய மார்க்சீயச் சட்ட அறிஞரான பிரான்ஸ் நொய்மன், நாஜி ஆட்சியிலிருந்து தப்பி வெளியேறிய பின்னர் 1937 இல் எழுதிய கட்டுரையொன்றில் இப்பொதுமையின் இருமுகத்தை விளக்கினார். சட்டத்தின் பொதுமை வர்க்க ஆதிக்கத்தை மறைக்கின்றது. முதலாளித்துவப் பரிமாற்றத்துக்கு வேண்டிய கணிப்புறுதியை அளிக்கின்றது. அதேவேளை நலிந்தோருக்கும் குறைந்தபட்சச் சுதந்திரத்தையும் சமத்துவத்தையும் உறுதிசெய்கின்றது. இம்மூன்றாவது பயனை நொய்மன் அலங்காரமாகக் கருதவில்லை. அதனை இழந்த ஒரு நாட்டைக் கண்ட பின்னரே அவர் எழுதினார். சட்ட உருவத்தைப் பண்ட உருவத்துடன் இணைத்து 1924 இல் அரிய நூலொன்றை எழுதியவர் சோவியத் அறிஞர் பசுக்கானிஸ். முதலாளித்துவத்துடன் சட்டமும் உதிர்ந்துவிடும் என்பது அவரது முடிவு. 1937 இல் அவர் கைதாகி, பகிரங்க விசாரணை எதுவுமின்றிச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது பகுப்பாய்வின் கூர்மையை நாம் மறுக்கவில்லை. அவரது முடிவையும் முடிவின் விலையையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்கின்றோம்.

3

இவ்விலையை நாமும் செலுத்தியுள்ளோம். 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்தில் வலிமையுடன் வாதிட்டவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1970 இல் அவரே அரசியலமைப்பு விவகார அமைச்சராகி, புதிய யாப்பை ஆக்கும் பணியை முன்னின்று நடத்தினார். அந்நியரின் யாப்பை நீக்கி மக்களின் யாப்பை ஆக்குதல் நியாயமான குறிக்கோளே. ஆனால் 1972 மே 22 இல் நடைமுறைக்கு வந்த யாப்பில் 29 ஆம் பிரிவு இல்லை. சிங்களம் அரசகரும மொழி என்பது யாப்பிலேயே இடம்பெற்றது. தேசிய அரசுப் பேரவை அரச அதிகாரத்தின் அதியுயர் கருவியாயிற்று. நீதித்துறை அதிகாரமும் அதன் வழிப்பட்டதே ஆயிற்று.

29 ஆம் பிரிவு எவரையும் காக்கவில்லையே, அதன் மறைவால் இழந்தது என்ன என்று கேட்கலாம். எழுதுவினைஞரான கோடீஸ்வரனின் வழக்கு இதற்கு விடையாகும். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாமையால் அவரது சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் மொழிச் சட்டம் 29 ஆம் பிரிவுக்கு முரணானது எனத் தீர்த்தது. 1967 இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிமீது வழக்குத் தொடர முடியாது என்ற காரணத்தைக் காட்டி அத்தீர்ப்பை நீக்கியது. 1969 இல் கோமறைக் கழகம் அக்காரணத்தை மறுத்து, அரசியலமைப்பு வினாவை ஆராயுமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. அவ்வினாவுக்கு விடை கூறப்படவில்லை. விடை கூறப்படுவதற்கு முன்னர் பிரிவே மறைந்தது.

மற்றோர் இழப்பு இன்னும் கசப்பானது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியிற் கைதான ஆயிரக்கணக்கானோர் பெரும்பாலும் கிராமப்புறத்து ஏழை இளைஞர். அவர்களை விசாரிக்க 1972 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கக் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் வந்தது. வழமையான சாட்சிய விதிகள் தளர்ந்தன, பொலிசாரிடம் அளித்த குற்ற ஒப்புதல்களும் ஏற்கப்பட்டன, மேன்முறையீடு இல்லை. செல்வாக்குள்ள சதிகாரரை ஏழாண்டுகளுக்கு முன்னர் காத்த தத்துவம், உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்ட வேளையில், இடதுசாரிகள் பங்குகொண்ட அரசாங்கத்தினால் கைவிடப்பட்டது. 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சருக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் மீண்டும் சாட்சியமாயிற்று. இம்முறை அதனால் பாதிக்கப்பட்டோருள் தமிழ் இளைஞர் மிகப் பலர். ஒருவருக்கெதிராகத் திறந்த கதவு மற்றவருக்கெதிராக மூடியிருப்பதில்லை.

4

அவ்வாறாயின் தாராண்மைவாதிகள் கூறியதே சரியா? அன்று. நாடற்றோரின் பிரசாவுரிமையை எந்த நீதிமன்றமும் மீட்டுத்தரவில்லை. 1964 இல் இரு அரசுகள், சம்பந்தப்பட்ட மக்களைக் கேளாமலே, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டன. தொழிற்சங்க பலமும், 1986 தைமாதப் பிரார்த்தனை இயக்கம் போன்ற கூட்டு நடவடிக்கைகளும், மலையக வாக்குகளின் தேவையை உணர்ந்த கட்சிகளின் கணக்குகளும் சேர்ந்தே 1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்களைப் பெற்றுத்தந்தன. ஆனால் அப்போராட்டங்கள் எதனைக் கோரின? சட்டத்தையே கோரின. லயத்திற் பிறந்து வளர்ந்த தொழிலாளிக்குப் பிரசாவுரிமைச் சான்றிதழ் ஒரு முகமூடியாகத் தோன்றவில்லை.

சட்டம் சுதந்திரத்தைத் தருவதில்லை. மக்கள் போராடிப் பெற்ற சுதந்திரம் அடுத்த நாளும் நிலைப்பதற்குச் சட்டம் வேண்டும். அரசியலிலிருந்து பிரித்த சட்டம் கோடகன் பிள்ளை வழக்கிற் போலக் குருடாகின்றது. சட்டத்தைத் துறந்த அரசியல் 1972 இற் போலத் தன் மக்களையே தண்டிக்கின்றது. நம்மவர் சட்டத்தை மேற்கட்டுமானம் என்று சரியாகவே இனங்கண்டனர். மேற்கட்டுமானம் என்பதால் அது பொருட்டன்று என்று தவறாக முடிவுசெய்தனர். இலக்கியத்தை ஆராயும்போது இத்தவறை நாம் செய்வதில்லை. ஆளும் வர்க்கத்தின் மொழியிலேயே மக்கள் தமது குரலையும் எழுப்புவர் என்பதை அங்கு ஒப்புக்கொள்கின்றோம். அதே கவனத்துடன் யாப்புகளையும் தீர்ப்புகளையும் வாசிக்கப் பழகுதல் முற்போக்குத் திறனாய்வின் கடமைகளுள் ஒன்று என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது.