இரண்டு வோல்ட்டைத் தின்னும் பலகை

சென்னை ரிச்சி தெருவில் 'ரோபோ கார் கிட்' என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே கூட்டணிதான் கைக்கு வரும்: மஞ்சள் கியர் மோட்டார்கள், ஆர்டுயினோ, பேட்டரிப் பெட்டி, நடுவில் கறுப்பு ஹீட் சிங்க் நிமிர்ந்து நிற்கும் எல்298என் மோட்டார் டிரைவர். அந்தக் கூட்டணியில் முதலில் மாற்ற வேண்டியது டிரைவரைத்தான். சிப்பின் உள்ளே இருப்பவை பழைய பாணி பைபோலார் டிரான்சிஸ்டர்கள். மோட்டாருக்குப் போகும் மின்சாரம் அவற்றில் இரண்டைத் தாண்டியாக வேண்டும். ஒரு ஆம்பியர் ஓடும்போது 1.8 முதல் 3.2 வோல்ட் வரை அங்கேயே போய்விடும் என்று தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டே சொல்கிறது. நான்கு ரீசார்ஜ் பேட்டரிகளின் 4.8 வோல்ட்டில் இரண்டைக் கழித்தால் மோட்டாருக்கு மிஞ்சுவது மூன்றுக்கும் கீழே. தரைவிரிப்பில் ஏறியதும் வண்டி முனகி நின்றுவிட, பழி மோட்டார் மீது விழுகிறது. ஒரு மல்டிமீட்டர் போதும்: வண்டி ஓடும்போது பேட்டரி முனையில் ஒரு அளவு, மோட்டார் முனையில் ஒரு அளவு. வித்தியாசம் முழுக்க ஹீட் சிங்க்கில் சூடாகப் போகிறது.

மாஸ்ஃபெட் கொண்டு செய்த தோஷிபாவின் டிபி6612 இதே வேலையைக் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய பலகையில் செய்கிறது. அதன் உள்தடை சுமார் அரை ஓம். ஒரு ஆம்பியருக்கு இழப்பு அரை வோல்ட்தான். ஹீட் சிங்க்கே தேவையில்லை. 'இரண்டு 18650 செல் போட்டால் 7.4 வோல்ட் வருகிறதே, எல்298என் அதைக் குறைத்து ஆறு வோல்ட் மோட்டாரைக் காப்பாற்றுகிறதே' என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, ஆனால் அந்தக் காவல் நிலையானதல்ல. சுமை ஏற ஏற இழப்பும் ஏறும், அதாவது இழுவை அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் மோட்டார் பட்டினி கிடக்கும். முழுதாகச் சார்ஜ் ஆன 8.4 வோல்ட்டை ஆர்டுயினோவின் பல்ஸ் அகலத்தை 255க்கு 180 என்று வைத்தாலே சராசரியாக ஆறு வோல்ட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். அதற்கு ஒரு வரி நிரல் போதும். (செல் வாங்கும்போது '9900 எம்ஏஎச்' என்று அச்சிட்டதை நம்பாதீர்கள். நல்ல 18650 செல்லே 3500 அளவில்தான் நிற்கும்.)

எல்298என் முரடு, திருகி மாட்டினால் போதும், சால்டரிங் வேண்டாம் என்பது வலுவான வாதம்தான். பள்ளிப் பட்டறையில் முப்பது பிள்ளைகள் ஒயரை மாற்றி மாற்றிச் செருகும் இடத்தில் அதை நானும் ஒப்புக்கொள்வேன். டிபி6612இல் பேட்டரியின் ப்ளஸ், மைனஸ் மாறினால் சிப் அத்தோடு சரி. பின்களையும் பெரும்பாலும் நாமேதான் சால்டர் செய்ய வேண்டும். அதன் மோட்டார் மின்னழுத்த உச்சவரம்பும் 15 வோல்ட்தான் என்பதால், 24 வோல்ட் மோட்டார் வைத்த பெரிய வண்டிக்கு அது உதவாது. ஆனால் கிட் வாங்குகிறவர் செய்வது 24 வோல்ட் வண்டி அல்லவே.

ஆகவே கடைக்குப் போகும் முன் தெரிந்திருக்க வேண்டிய எண் சிப்பின் உச்ச வோல்ட் அல்ல, மோட்டார் முடங்கும்போது இழுக்கும் ஆம்பியர். மல்டிமீட்டரைப் பத்து ஆம்பியர் துளையில் தொடராக மாட்டி, சக்கரத்தை ஓரிரு நொடி பிடித்து நிறுத்தினால் அது தெரிந்துவிடும். 1.2 ஆம்பியருக்குள் என்றால் டிபி6612 தாராளம், ஏனென்றால் ஒவ்வொரு சேனலும் தொடர்ந்து தாங்குவது அவ்வளவு. நான்கு ரீசார்ஜ் பேட்டரிகளின் 4.8 வோல்ட்டில் ஓடும் குட்டி வண்டிக்கு 2.7 வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும் டிஆர்வி8833 என்ற டிரைவர் இன்னும் பொருத்தம், ஆனால் அதை 10.8 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. டிபி6612 வாங்கி வந்து மோட்டார் அசையவே இல்லை என்றால் உடனே கடைக்குத் திருப்பி எடுத்துப் போக வேண்டாம். பல பலகைகளில் 'எஸ்டிபிஒய்' என்ற பின்னை ஐந்து வோல்ட்டோடு நாமே இணைத்தால்தான் சிப் விழிக்கும்.